066: சுவிட்ச் ஊரைவிட்டுப் போன கதை

கம்பியும் குரலும்: பகுதி 11

இரத்தோட்டையில் ஒருவர் ரிசீவரை எடுத்துத் தம்புள்ளை இலக்கம் ஒன்றை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மாத்தளை மாவட்டத்து ஊர்கள்தான். இரண்டுக்கும் 066 என்ற ஒரே குறியீடு. பஸ்ஸில் போவதென்றால் மாத்தளை நகரத்தில் இறங்கி, ஏ-9 வீதியில் போகும் வேறொரு பஸ்ஸைப் பிடித்து, நாலந்தா, நாவுல தாண்டிப் போக வேண்டும். அழைப்புக்கு அந்த வழி தெரியாது. அழுத்திய இலக்கங்கள் முதலில் மாவட்டத்தைவிட்டே வெளியேறி, கொழும்புப் பக்கத்தில் குளிரூட்டிய அறையொன்றில் ஓடும் மென்பொருளிடம் போகின்றன. தம்புள்ளைக்காரரின் போன் எங்கே இருக்கிறது, பில் கட்டியிருக்கிறாரா, வேறு கோலில் இருக்கிறாரா என்று அது பார்க்கிறது. பிறகு இரு முனைக்கும் உத்தரவு போகிறது. இவ்வளவும் மணி அடிப்பதற்கு முன் நடந்து முடிந்துவிடும். குரல் எந்த வழியாகப் போகும் என்பது அதற்குப் பிறகு வரும் தனி விஷயம்.

முடிவு ஓரிடத்தில், குரல் வேறோர் இடத்தில் என்ற இந்தப் பிரிவினையைச் செய்யும் மென்பொருளுக்கு சொப்ட்சுவிட்ச் என்று பெயர். இலங்கைத் தொலைபேசியில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனாலும் அதன் பெயர் பத்திரிகைத் தலைப்பில் வந்ததாக யாருக்கும் நினைவிராது. கைத்தொலைபேசி வந்தது, 4ஜி வந்தது, ஃபைபர் வந்தது. எல்லாவற்றுக்கும் விளம்பரப் பலகை இருந்தது. சுவிட்ச் ஊரைவிட்டுப் போனதற்கு மட்டும் பலகையும் இல்லை, பிரியாவிடைக் கூட்டமும் இல்லை.

மாத்தளைக் கிளர்ச்சி வெடித்த 1848இல் தீவில் தந்தியே கிடையாது என்பதையும், அதற்குப் பத்து ஆண்டு கழித்து 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே முதல் தந்தித் தொடர்பு வந்ததையும் முன்பே பார்த்தோம். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இரயில் வந்ததையும் பார்த்தோம். சென்ற பகுதி மனிதச் சுவிட்சின் காலத்தில் நின்றது. பலகையில் வரிசையாகத் துளைகள். துளைக்கு மேலே சிறு மூடி. ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்தால் மூடி விழும். ஒப்பரேட்டர் ஒரு கயிற்றைச் செருகி இலக்கத்தைக் கேட்டு, மறு கயிற்றை இன்னொரு துளையில் செருகுவார். அழைப்பைத் தீர்மானிக்கும் மூளையும் குரலைச் சுமக்கும் கம்பியும் ஒரே மேசையில் இருந்தன. ஊரில் யார் யாரோடு பேசுகிறார் என்பது அந்த மேசைக்குத் தெரியும். வைத்தியர் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று சொல்லி அங்கேயே இணைத்துவிடும் வசதியும் அதில் உண்டு.

அதே வசதியால் நட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஒருவர்தான் மனிதச் சுவிட்சுக்கு முடிவு கட்டினார். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் இறுதிச் சடங்குத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஒப்பரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டாராம். சந்தேகம் உண்மையோ பொய்யோ, 1891இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மை. 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்து லபோர்ட் நகரில் அவருடைய தானியங்கிச் சுவிட்ச் வேலைக்கு வந்தது. டயலைச் சுழற்றினால் துடிப்புகள் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இரும்புக் கை ஒரு படி ஏறும், பிறகு சுழலும். ஸ்ட்ரோஜர் நிலையத்துக்குள் நின்றவர்கள் அந்தச் சத்தத்தை மறப்பதில்லை. பண்டிகை நாளில் கூடம் முழுக்க அடைமழைபோல் இருக்கும்.

மூளையை இரும்பிலிருந்து கழற்றும் வேலை 1965இல் தொடங்கியது. அந்த ஆண்டு நியூ ஜெர்சியின் சக்கசன்னா என்ற சிற்றூரில் பெல் நிறுவனம் திறந்த நிலையத்தில், எந்த அழைப்பை எங்கே இணைப்பது என்பதை நினைவகத்தில் எழுதி வைத்த நிரல் தீர்மானித்தது. அப்படிப்பட்ட நிரல்களுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. ஒரே நேரத்தில் எல்லோரும் ரிசீவரைத் தூக்கினால் கணினி திணறி விழுந்துவிடும். சித்திரைப் புத்தாண்டுக் காலையில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வாழ்த்துச் சொல்லப் போனை எடுப்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பயம் புரியும். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எர்னா ஹூவர் அதற்கு வழி கண்டார். நெரிசல் கூடும்போது கணக்கெழுதுவது போன்ற அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவைத்து, அழைப்புகளை எடுக்கும் வேகத்தையும் தன் சுமையைப் பார்த்து நிரலே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த வழி. மகளைப் பெற்றெடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதற்கான வரைபடங்களை அவர் போட்டார். 1971இல் கிடைத்த அந்தக் காப்புரிமை, மென்பொருளுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமைகளில் ஒன்று. இன்றைய சொப்ட்சுவிட்ச்சும் நெரிசல் நேரத்தில் இதே தத்துவத்தில்தான் மூச்சு விடுகிறது.

அடுத்த படி குரலையே எண்ணாக்கியது. நொடிக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட் வருகிறது. பிரான்சில் லானியோன் பகுதியில் 1970இல் இந்த முறையில் ஈ10 நிலையம் ஓடத் தொடங்கியது. அண்டை நாட்டிலும் ஒரு தனிக் கதை நடந்தது. இந்தியாவில் 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிரூட்டி இல்லாத கிராமத்து அறையிலும் தூசியிலும் வேலை செய்யும் 128 முனைச் சிறு டிஜிட்டல் சுவிட்ச்சை உருவாக்கியது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அதை முதலில் நிறுவினார்கள். பெரிய நாடுகளின் பெரிய பெட்டிகள் சிற்றூருக்குச் சரிவராது என்பதை அந்தச் சின்னப் பெட்டி காட்டியது. இலங்கை அந்த வழியில் போகவில்லை. வெளிநாட்டுக் கம்பனிகளின் டிஜிட்டல் நிலையங்களை வாங்கி, கொழும்பிலும் பெரிய நகரங்களிலும் தொடங்கி, மெல்ல மெல்ல வெளியூருக்குக் கொண்டுபோனது.

மெல்ல என்பது மிகப் பெருந்தன்மையான சொல். தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களமாக இருந்து 1980இல்தான் பிரிந்தன. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் திணைக்களம் கூட்டுத்தாபனமாகியது, 1996இல் டெலிகொம் என்ற கம்பனியாகியது, 1997இல் ஜப்பானின் என்.டி.டி. 35.2 சதவீதப் பங்கை 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பலகையில் பெயர் மாறிக்கொண்டிருந்த அந்தக் காலம் முழுவதும் தொலைபேசிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மகன் விண்ணப்பித்து, பேரன் காலத்தில் லைன் வந்தது என்று பகிடி சொல்லாத ஊர் இல்லை.

மாத்தளைத் தோட்டங்களில் அந்தப் பகிடிக்கும் இடமில்லை, ஏனென்றால் அங்கே விண்ணப்பிக்கவே முகவரி கிடையாது. எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்து லயங்களுக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்குப் போகும். டெலிபோன் என்பது துரை பங்களாவிலும் கந்தோரிலும் இருக்கும் சாமான். சாவுச் செய்தி தந்தியில் வரும், அதையும் கிளாக்கர் வாசித்துச் சொல்வார். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்த மக்களின் பேரப் பிள்ளைகளுக்கு, அந்தப் பாதையோரத்திலேயே பின்னாளில் போட்ட டெலிபோன் கம்பியால் நெடுங்காலம் எந்தப் பிரயோசனமும் இருக்கவில்லை.

கம்பி வராவிட்டாலும் கடை வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டத்துப் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியபோது, நகரத்துத் தெருக்களில் கொமியுனிகேஷன் என்ற பெயரோடு கடைகள் முளைத்தன. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு போன், மேலே செக்கனுக்குச் செக்கன் ஏறும் சிவப்பு எண்கள். பெக்ஸ், போட்டோகொப்பி, ஐ.டி.டி. கோல் எல்லாம் அங்கே. வெளிநாட்டில் இருக்கும் மகள் இந்த ஞாயிறு இத்தனை மணிக்கு எடுப்பாள் என்று கடிதத்தில் எழுதியிருப்பாள். குடும்பமே முதல் பஸ்ஸில் இறங்கி வந்து கடை வாங்கில் குந்தியிருக்கும். கோல் வந்ததும் ஆளுக்கு அரை நிமிடம். பாதி நேரம் யார் பேசுகிறார் என்று சொல்வதிலேயே போய்விடும்.

அழைப்புகளை நிர்வகிக்கும் முறையை அடியோடு மாற்றும் யோசனை இதே தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் பிறந்தது. 1995இல் இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் வெளியிட்ட இன்டர்நெட் போன் என்ற மென்பொருள், இரண்டு கணினிகளுக்கிடையே இணையத்தில் பேசலாம் என்று காட்டியது. தரம் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் தொலைபேசிக் கம்பனிகளுக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. குரலைப் பொட்டலங்களாக்கி இணையத்தில் அனுப்ப முடியுமென்றால், குரலைச் சுமப்பதற்கென்றே கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய பிரத்தியேகச் சுவிட்ச் எதற்கு? குரலைப் பொட்டலமாக்கும் சாதாரணப் பெட்டியை ஊர்தோறும் வைக்கலாம். அதற்குக் கேட்வே என்று பெயர். அதற்குச் சொந்தப் புத்தி தேவையில்லை. புத்தி முழுவதையும் ஓரிடத்தில் சாதாரணக் கணினியில் வைத்து, நூறு பெட்டிகளையும் அங்கிருந்தே ஆட்டி வைக்கலாம்.

இதற்கு இரண்டு மொழிகள் வேண்டியிருந்தன. ஒன்று, மூளை பெட்டிக்கு உத்தரவு போடும் மொழி. 1999 அக்டோபரில் எம்.ஜி.சி.பி. என்ற பெயரில் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே மெகாகோ என்ற இன்னொன்றும் வந்தது. மற்றது, ஒரு மூளை இன்னொரு மூளையோடும் ஒரு போன் இன்னொரு போனோடும் பேசும் மொழி. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஹென்னிங் ஷுல்ஸ்ரினும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய சிப் என்ற நெறிமுறை 1999 மார்ச்சில் வெளிவந்து, 2002இல் திருந்திய வடிவம் பெற்றது. சொப்ட்சுவிட்ச் கம்பனிகளின் சர்வதேசக் கூட்டமைப்பும் 1999இல்தான் உருவாகியது. அதே ஆண்டு அலபாமாவில் இருபத்திரண்டு வயது மார்க் ஸ்பென்ஸர், தன் சிறு கம்பனிக்குக் கந்தோர் டெலிபோன் சுவிட்ச் வாங்கக் காசு பற்றாமல் தானே ஒன்றை எழுதி, ஆஸ்டெரிஸ்க் என்று பெயர் வைத்து இலவசமாக வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் ஹோட்டல், வங்கி, கோல் சென்டர் என்று அது ஓடாத இடம் குறைவு. ஒரு நாட்டின் தொலைபேசித் திணைக்களம் மட்டும் வைத்திருந்த சாமான், ஒரு பையன் தன் கணினியில் எழுதக்கூடியதாகிவிட்டது.

சிப் பேசும் மொழியைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். பழைய சுவிட்ச்சுகளின் சமிக்ஞை மனிதக் கண்ணுக்குப் புரியாத பிட் வரிசை. சிப்போ வெறும் எழுத்து. எஞ்சினியர் திரையில் போட்டுக் கடிதம்போல் வாசிக்கலாம். அழைப்பவரின் பக்கமிருந்து முதலில் போவது இன்வைட்: இன்னாரை அழைக்கிறேன், எனக்கான குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள், எனக்கு இன்ன இன்ன குரல் வகைகள் தெரியும். மறு பக்கத்திலிருந்து 100 என்று பதில் வந்தால் முயற்சி நடக்கிறது. 180 என்றால் மணி அடிக்கிறது. அழைக்கப்பட்டவர் எடுத்துவிட்டால் 200. அதற்கு ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி. அந்த நொடியில் சொப்ட்சுவிட்ச் ஒதுங்கிக்கொள்கிறது. குரல் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொட்டலமாக, ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும் 40 பைட் முகவரித் தாளுமாக, நொடிக்கு ஐம்பது பொட்டலம் என்று நேரே ஓடுகிறது. வாய்க்கும் காதுக்கும் நடுவில் 150 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகாமல் இருந்தால் பேசுகிறவர்களுக்குத் தடங்கல் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. எதிர்முனை வேறு கோலில் இருந்தால் வரும் இலக்கம் 486. அப்படியொரு ஆளே இல்லையென்றால் 404. இணையப் பக்கம் கிடைக்காதபோது உலாவியில் தெரியும் அதே 404தான், அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். யாராவது ஒருவர் போனை வைத்ததும் பை என்ற ஒரு வரி போகிறது. பில்லுக்கான கடிகாரம் நிற்பது அங்கே.

இலங்கைக்கு சொப்ட்சுவிட்ச் வந்த வழி சுவாரசியமானது, ஏனென்றால் முன்வாசலால் வரவில்லை. வெளிநாட்டு அழைப்புகளுக்கு டெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த ஆண்டு முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் வெளிநாட்டு அழைப்பு உரிமங்கள் கொடுக்கப்பட்டன. நாடு சின்னது, உரிமம் அதிகம். உரிமம் வாங்கியவர்கள் எல்லோரும் ஈ10 போன்ற மலைகளைக் கட்ட முடியுமா? ஓர் அறை, சில கணினிகள், ஒரு கேட்வே, வெளிநாட்டுக்கு ஓர் இணைய இணைப்பு. இவை இருந்தால் கடை திறந்துவிடலாம். வெளிநாட்டு அழைப்பு விலை சரிந்தது. கொமியுனிகேஷன் கடையின் கண்ணாடிக் கூண்டில் இருந்த எண்கள் மெதுவாக ஏறத் தொடங்கின.

உரிமம் இல்லாதவர்களும் அதே கணினியை வாங்கலாம் என்பதுதான் சிக்கல். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை ஒரு வீட்டு அறையில் இறக்கி, வரிசையாகச் செருகிய சிம் அட்டைகள் வழியாக உள்ளூர்க் கோலாக மாற்றி விடுவார்கள். அரசுக்குப் போகவேண்டிய அறவீடு தப்பிவிடும். டுபாயிலிருந்து மகன் எடுக்கும்போது திரையில் 07 என்று தொடங்கும் முன்பின் தெரியாத உள்ளூர் இலக்கம் விழுந்தால், அழைப்பு வந்த வழி இதுதான். அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்து, யாரும் எடுக்காமல் தவித்த தாய்மார் நிறையப் பேர்.

முன்வாசலால் வந்தது 2005இல். சி.டி.எம்.ஏ. என்ற கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்கு அந்த ஆண்டு வழி திறந்தது; டெலிகொம், லங்கா பெல், சன்டெல் எல்லாம் களத்தில் இறங்கின. உலகச் சந்தையில் அப்போது கிடைத்த சி.டி.எம்.ஏ. கருவிகள் சொப்ட்சுவிட்ச் முறையிலேயே கட்டப்பட்டவை. இது மாத்தளை போன்ற மாவட்டத்துக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய முறையில் லக்கலையில் நூறு வீட்டுக்குப் போன் கொடுக்க வேண்டுமென்றால் லக்கலைக்கே ஒரு நிலையம் வேண்டும்: கட்டடம், சுவிட்ச், ஆள், பிறகு நக்கிள்ஸ் மலைச்சரிவில் கம்பம் கம்பமாகச் செம்புக் கம்பி. கணக்குப் போட்டுப் பார்த்த எந்த முகாமையாளரும் கோப்பை மூடி வைத்துவிடுவார். புதிய முறையில் ஒரு மலையுச்சிக் கோபுரம் போதும். சுவிட்ச் ஏற்கெனவே கொழும்பில் இருக்கிறது. அதற்கு லக்கலையும் ஒன்றுதான், கொள்ளுப்பிட்டியும் ஒன்றுதான். பட்டியலில் இன்னொரு வரி, அவ்வளவே.

போன் வந்து இறங்கிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. மேசைப் போன்போலவே உருவம், பின்னால் ஒரு சின்னக் கொம்பு. மலை மறைவில் சிக்னல் பிடிக்காத வீட்டில் கூரைக்கு மேல் மூங்கிலோ இரும்புக் குழாயோ நட்டு, அதில் மீன்முள் அன்டெனா கட்டி, கேபிளை ஜன்னலால் உள்ளே விட்டார்கள். டெலிகொம் தூண் தேவையில்லை, யாருடைய சிபாரிசும் தேவையில்லை. காசு கட்டிய அன்றே பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சில கைத்தொலைபேசித் திட்டங்களில் வரும் கோலுக்கும் காசு பிடித்த காலம் அது. வீட்டுப் போனில் வரும் கோல் இலவசம். சவூதியிலிருந்து வரும் கோலுக்காகக் காத்திருக்கும் லயத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. 2005இல் நாடு முழுவதும் 12 இலட்சத்துச் சொச்சமாக இருந்த நிலையான தொலைபேசிகள் 2008 முடிவில் 34 இலட்சத்தைத் தாண்டின. நூறாண்டுக்கு மேல் கட்டியதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலாக மூன்றே ஆண்டில் சேர்ந்தது.

066க்கு அடுத்து வரும் இலக்கம் கம்பனியைச் சொன்னது. 2 என்றால் டெலிகொம், 4 டயலொக், 5 லங்கா பெல், 7 சன்டெல். இலக்கத்தில் ஊர் அடையாளம் மங்கியது. முன்பெல்லாம் இலக்கத்தின் முதற்பகுதியைப் பார்த்தே எந்த நிலையத்துப் போன் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தப் போன்களால் யாருக்கு இலாபம் என்று ஆராய வந்தவர்கள் தேர்ந்த இடமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் நாட்டின் மரக்கறி விலை நாளுக்கு நாள், மணிக்கு மணி நிர்ணயமாகிறது. அதிகாலையில் லொறியை இறக்கும் விவசாயிக்கு, நேற்று இரவு என்ன விலை போனது என்று தெரியாது, தரகருக்குத் தெரியும். லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனத்துக்காகப் பொருளியலாளர் ஹர்ஷ டி சில்வாவும் உடனாய்வாளரும் தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுவரும் சிறு விவசாயிகளைக் கேட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு விவசாயியின் மொத்தச் செலவில் நூற்றுக்குப் பதினைந்து அளவு, வாங்குவதற்கும் விற்பதற்கும் அலைவதிலேயே போகிறது. அதிலும் பெரும் பங்கு, சுமார் பதினொரு சதவீதம், தகவல் தேடும் செலவு. எந்த விதை, எந்த மருந்து, என்ன விலை என்று கேட்பதற்காகவே போய் வருகிற பயணமும் நேரமும்.

டி சில்வா முன்பே 2003இல் கோவி ஞான சேவா என்ற பெயரில் தம்புள்ளை விலைகளைத் திரட்டிக் காட்டும் வேலையைத் தொடங்கியிருந்தார். 2009 முடிவில் டயலொக் நிறுவனம் அதை ட்ரேட்நெட் என்ற சேவையாக்கி, 977 என்ற குறுஞ்சுட்டெண்ணில் கொடுத்தது. விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை எண்ணும் இதே காலத்துப் பிள்ளை. நான்கு இலக்கம் அழுத்தினால் கலேவெலத் தக்காளித் தோட்டத்திலிருந்து கோல் கன்னொருவைக்குப் போய்விடும். இப்படிப்பட்ட எண்களைப் பழைய இரும்புச் சுவிட்ச்சில் ஏற்றுவதென்றால் ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் போய்க் கம்பி மாற்ற வேண்டும். மென்பொருளில் ஓரிடத்தில் ஒரு வரி எழுதினால் தீவு முழுக்க ஓடும். விவசாயிக்குக் கிடைத்த சலுகை அந்த வரியிலிருந்து வந்தது. விலைப்பட்டியலை நாளும் திரட்டிப் போடும் ஆட்கள் இல்லாவிட்டால் அந்த வரியால் பயனில்லை என்பதும் உண்மை.

டெலிகொம்மின் கம்பி வாடிக்கையாளர்களும் தப்பவில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீதியோரங்களில் சாம்பல் நிற இரும்பு அலுமாரிகள் முளைத்தன. வீட்டிலிருந்து வரும் செம்புக் கம்பி அந்த அலுமாரியோடு முடிகிறது. குரல் அங்கேயே பொட்டலமாகி, ஃபைபரில் ஏறி, நடுவண் மூளையின் உத்தரவுக்குப் போகிறது. ஊர்த் தொலைபேசி நிலையக் கட்டடம் அப்படியே நிற்கும்; பில் கட்டும் கவுண்டரும் இருக்கும். உள்ளே கூடம் நிறைய இருந்த சுவிட்ச் வரிசைகள் போய், ஒரு மூலையில் இரண்டு மூன்று அடுக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய கம்பிப் போனுக்கு மின்சாரம் வீட்டிலிருந்து போகவில்லை. நிலையத்திலிருந்து 48 வோல்ட்டாகக் கம்பியிலேயே வந்தது. நிலையத்தில் பெரிய பற்றரி வரிசை, அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். ஊரே இருண்டு கிடந்தாலும் டெலிபோனில் டயல் தொனி கேட்கும். கண்டிக்குப் போகும் பெரிய இணைப்பு அறுந்தாலும் மாத்தளைக்குள் மாத்தளைக்காரர் பேசலாம், ஏனென்றால் மூளை ஊரில் இருந்தது. இப்போது வீதி அலுமாரியின் பற்றரி சில மணி நேரத்துக்குத்தான். ஃபைபர் வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்து, போனும் அதோடு அணைந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலானபோது கோபுரங்களின் பற்றரிகளும் களைத்து விழுந்தன. கையில் போனை வைத்துக்கொண்டு மலையேறிச் சிக்னல் தேடியவர்கள் அப்போது உண்டு.

இது இலங்கையின் ஏழ்மையால் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் டெலிகொம் 2004இல் தன் வலையமைப்பு முழுவதையும் இணைய நெறிமுறைக்கு மாற்றப் போவதாக அறிவித்து, 2006இல் வேல்ஸில் கார்டிஃபுக்கு அருகே விக் என்ற கிராமத்தில் தொடங்கியது. இருபது ஆண்டாகியும் பழைய வலையமைப்பை முழுதாக அணைக்க முடியவில்லை. தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தான்கள் பழைய கம்பியை நம்பி இருந்ததால், 2025 முடிவு என்று இருந்த கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ஒப்பிட்டால், மாத்தளையில் மாற்றம் வேகமாக நடந்தது. யாரிடமும் கேட்காததால் வேகமாக நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சி.டி.எம்.ஏ. பெட்டிகளின் ஆட்டமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2012இல் டயலொக் சன்டெல்லை வாங்கியது. அடுத்து வந்த 4ஜி வீட்டுப் பெட்டிகள் மீன்முள் அன்டெனாவை ஓரங்கட்டின. இன்று வளைகுடாவிலிருந்து வரும் குரல் பெரும்பாலும் 066 பக்கமே வருவதில்லை. வாட்ஸ்அப் கோலை அங்குள்ள சில அரசுகள் தடுத்து வைத்திருப்பதால், லயத்துப் பாட்டிகளுக்கும் இமோ என்ற பெயர் தெரியும். அதற்கும் பின்னால் இருப்பது ஒரு சுவிட்ச்தான். ஆனால் அது எந்த நாட்டில் ஓடுகிறது, யாருடைய சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது என்று கொழும்பில் உள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போன மூளை அங்கேயும் தங்கவில்லை.

ஊரும் இடமும் இன்னும் முக்கியமாக இருக்கும் கோல் ஒன்று உண்டு. 2016இல் தெற்கிலும் மேற்கிலும் இந்திய உதவியோடு தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிந்த சுவ செரிய அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. ஹர்ஷ டி சில்வாவின் பெயர் இங்கேயும் வருகிறது. அந்தச் சேவையைக் கொண்டுவர முன்நின்றவர் அவர். நாட்டின் எந்த மூலையிலிருந்து அழுத்தினாலும் கோல் கொழும்புப் புறநகரில் உள்ள ஒரே மையத்தில் விழுகிறது. எடுப்பவர் மூன்று மொழியிலும் பதில் சொல்வார். சொப்ட்சுவிட்ச் இல்லாமல் இப்படியொரு சேவை நடக்காது. ஆனால் அவர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, எங்கே இருக்கிறீர்கள் என்பது. தோட்டத்துக்குப் பெயர் இருக்கும், டிவிஷனுக்குப் பெயர் இருக்கும், லயத்துக்கு இலக்கம் இருக்கும். வீதிக்குப் பெயர் இருக்காது. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பழைய ஸ்டோர், கோயில் முடக்கு என்று லயத்துக்காரர் சொல்வதை, மாத்தளைக்கு வந்தே இராத ஒருவர் வரைபடத்தில் தேட வேண்டும். பழைய பலகைக்கு முன் அமர்ந்திருந்த மாத்தளை ஒப்பரேட்டருக்கு இந்தக் கேள்வி தேவைப்பட்டிருக்காது. தோட்டத்தில் லயத்துக்காரர் கையில் அன்று போன் இல்லை என்பதால் அந்த ஒப்பரேட்டரிடம் கேட்க யாரும் இருக்கவுமில்லை.

(அடுத்த பகுதியில்: தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே 2006இல் கடலடியில் போட்ட கேபிளும், அதற்கு முன்பிருந்த மன்னார்த் தந்திக் கம்பியும்.)